எட்டு ஜிபியும் ஒரு கோட்டும்

முனீஸ்வரி சிபியுவைத் தரையில் பக்கவாட்டாகப் படுக்கவைத்து, பின்பக்கத் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது, கட்டிலில் கிடந்த தங்கச்சாமி கண்ணைத் திறந்தார்.

"அதுக்கும் ஆபரேசனா தாயி?"

"மெமரி போடணும்ப்பா. நீங்க கண்ண மூடிப் படுங்க."

"அதுக்குத்தான எல்லாரும் காத்துக் கெடக்கீக."

முனீஸ்வரி கழற்றிய திருகாணிகளை அப்பாவின் மாத்திரை டப்பா மூடியில் போட்டாள். வாசலில் அவள் அண்ணன் சங்கரலிங்கம் செல்போனில் யாரிடமோ, "இன்னைக்கோ நாளைக்கோ. ஐஸ்பெட்டி ரெடியா இருக்கட்டும். கண்ணாடி கீறல் விழுந்ததக் குடுத்துராதீரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பேசினால் கட்டிலுக்குக் கேட்காது என்பது அவன் எண்ணம். மேடை மைக் இல்லாமலே இரண்டு தெரு தாண்டிக் கேட்கும் குரல் தனக்கு உண்டு என்று பெருமைப்படுகிறவனும் அவனேதான்.

ராஜபாளையத்தில் சஞ்சீவி மலையைப் பார்த்த தெருவில் இருந்தது அந்த வீடு. காற்று வருவது முன்னறையில் மட்டும்தான். அதனால் வீட்டில் காற்றுத் தேவைப்பட்ட இருவரையும் அங்கேயே போட்டிருந்தார்கள். ஒருவர் தங்கச்சாமி. நூல் மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு அடைத்துப்போனவர். மற்றது கம்ப்யூட்டர். கல்யாணம் ஆகி, அது ஆகாமலும் போய், முனீஸ்வரி அப்பாவிடமே திரும்பி வந்தபோது அவர் வாங்கிக் கொடுத்தது. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று தெருவின் நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் வடிவம் பெற்றன. அதன் காற்றாடி இரைந்தால் அப்பாவின் நெஞ்சு இரைவது கேட்காது. அப்பாவின் நெஞ்சு இரைந்தால் காற்றாடி இரைவது கேட்காது. இந்த ஒரு மாதமாக இரண்டும் சேர்ந்தே இரைந்தன.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அவருக்குப் பிடிச்சதக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். முனீஸ்வரி ஆம்புலன்சில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் முன்சீட்டில் உட்கார்ந்து, திருமங்கலம் தாண்டுவதற்குள் பேனரின் அளவை முடிவு செய்துவிட்டான்.

இதில் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தார் என்பது மூச்சு நின்றபோது உறுதியாவதில்லை. தெருமுனையில் பேனர் ஏறும்போதுதான் உறுதியாகிறது. அதிலும் சங்கரலிங்கம் சாதாரண ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு, தென்மண்டல நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவையின் கௌரவத் துணைத்தலைவராக இருந்தான். அந்தப் பேரவையில் தலைவர்களும் துணைத்தலைவர்களும் ஒரு பொருளாளரும் மட்டுமே இருந்தார்கள். உறுப்பினர் என்று ஒருவரும் சிக்கவில்லை. போன வருடம் பேரவையின் பொருளாளருடைய தகப்பனார் இறந்தபோது பதினாறு அடியில் பேனர் ஏறியது. அதைப் பார்த்த நாளிலிருந்து சங்கரலிங்கத்துக்குத் தன் தகப்பனார் மேல் பாசம் கூடிவிட்டது.

"இருபது அடி முனீசு. ஒரு இஞ்சு கொறையப்படாது" என்றான். "நடுவுல அப்பா. கோட்டு சூட்டுல."

"அப்பா எப்பண்ணே கோட்டுப் போட்டாரு?"

"அதான் இப்பப் போடச் சொல்லுதேன்."

அந்தக் கோட்டு முனீஸ்வரியிடம் ஏற்கெனவே இருந்தது. கருநீலக் கோட்டு, சிவப்பு டை, பைக்குள் வெள்ளைக் கைக்குட்டை. தலையில்லாத அந்த உடம்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. போன வருடத்தில் மட்டும் ஆறேழு பேர் அதைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், மாட்டுத் தரகர் ஒருவர், தேவதானத்தில் பம்புசெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். எல்லாருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தங்கச்சாமிக்கும் பொருந்தியது. மில் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டிக் கழுத்தில் வைத்தபோது அவர் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி மாதிரி ஆனார்.

கட்டிலிலிருந்து திரை நன்றாகத் தெரியும்.

"யாரு தாயி அந்தக் கோட்டுக்காரரு?" என்று கேட்டார் தங்கச்சாமி.

முனீஸ்வரி பதறிப்போய்த் திரையை அணைத்தாள்.

"எங்கயோ பாத்த மொகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோட்டுக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தங்களின் படங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் செல்போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பேனர் இலக்கணம். பாதிப்பேர் அப்படித்தான் படம் அனுப்பியிருந்தார்கள். கீழே, அப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, கும்பிட்ட கையோடு சங்கரலிங்கம். அவன் பெயருக்குக் கீழே அவன் பதவிகள் நான்கு வரி. கோட்டுக்கு நேர் கீழே இரண்டு சின்ன வரிகள்: தோற்றம், மறைவு. தோற்றத்துக்கு அடையாள அட்டையில் தேதி இருந்தது. மறைவுக்கு நேராக, இடம் பிடித்து வைப்பதற்காக, முனீஸ்வரி 00.00.0000 என்று அடித்து வைத்தாள்.

"அத மட்டும் கடைசில போட்டுக்கிருவோம்" என்றான் சங்கரலிங்கம், ஏதோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறவன்போல.

இருபதடிப் படத்தை அந்தப் பழைய கம்ப்யூட்டர் தாங்கவில்லை. திறந்து இரண்டு படம் ஒட்டுவதற்குள் காற்றாடி ஊளையிடும். திரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடும். முதல் தடவை அப்படி நின்றபோதுதான் அது நடந்தது. பேனரைத் திறந்தபோது அப்பாவுக்கு மூச்சு ஏறிக் கண் செருகிவிட்டது. திரை வெளுத்து, அவள் சுவிட்சை அணைத்த செத்த நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் சங்கரலிங்கத்தின் மனைவி வெங்கடேஸ்வரி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"முனீசு, நீ அந்தப் படத்தத் தொறந்தாலே மாமாவுக்கு இழுக்குதே, பாத்தியா?"

"சும்மா இருங்க மதினி."

"நான் சும்மாத்தான் சொல்லுதேன். எதுக்குச் சுத்தி வளச்சுப் பேசணும், சட்டுனு முடிச்சிரு. அவியளும் எம்புட்டு நாள்தான் கஷ்டப்படுவாக."

வெங்கடேஸ்வரி மாமனார்மேல் பிரியம் உள்ளவள். முந்தின சனிக்கிழமைதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் படியேறி, மாமா கஷ்டப்படாமல் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று பெருமாளிடம் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். அதற்கு அடுத்த வாரம் அவள் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு இருந்தது.

முனீஸ்வரிக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. சகுனம் பார்த்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம்தான் அவளுடையது. ஆனாலும் அன்றையிலிருந்து அவள் ஒரு வேலை செய்தாள். ஒட்டவேண்டிய படங்களைச் சுருக்காமல், செல்போனில் எடுத்த முழு அளவிலேயே பேனருக்குள் இறக்கினாள். யாருக்கும் தெரியாமல், கோட்டுக்குப் பின்னால் மேகம், மேகத்துக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மேகம் என்று அடுக்கினாள். ஒன்றும் வெளியே தெரியாது. பாரம் மட்டும் ஏறும். நான்காவது படத்தில் நின்றுகொண்டிருந்த கம்ப்யூட்டர், பிறகு இரண்டாவது படத்திலேயே நின்றது. அப்பா அந்த வாரம் இரண்டு தடவை கஞ்சி கேட்டார். ஒரு தடவை முட்டைகூடக் கேட்டார்.

"என்னட்டி, இன்னமும் அதே எடத்துல நிக்குது?" என்று சங்கரலிங்கம் கத்தினான்.

"மெமரி பத்தலண்ணே" என்றாள். சொல்வதற்கு அதுதான் வாயில் வந்தது. அண்ணன் அதைப் புரிந்துகொள்ளப் போவதில்லை என்று நினைத்தாள். ஆனால் அவன் நுகர்வோர் விழிப்புணர்வு பெற்றவன்.

"அம்புட்டுதானா? மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்துவிட்டான். பெட்டியைப் பிரித்தபோது முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. லேப்டாப்புக்கு உள்ளது. இதில் போடவேண்டியதில் பாதி நீளம்தான் இருந்தது.

"இது சேராதுண்ணே. குட்டை."

"குட்டையா இருந்தா என்ன? எட்டு ஜிபின்னு போட்டிருக்கான்ல? அமுக்கிப் பாரு."

"அமுக்குனா மதர்போர்டு போயிரும்."

"கடைக்காரன் பேரவையப் பத்தித் தெரியாம வெளையாடிட்டான்" என்று அவன் மீசையைத் தடவினான். முனீஸ்வரி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். அப்பாவும் சாப்பிட்டார். அவள் கண் முன்னாலேயே அண்ணன் பழைய மெமரியை வெளியே எடுக்கச் சொல்லி, முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனதைத்தான் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதோ, சரியானது வந்துவிட்டது. பச்சை நிறத்தில், முழு நீளத்தில், நடுவில் வெட்டு சரியான இடத்தில்.

வாசலில் பந்தல்காரன் இசக்கிமுத்து வந்து நின்றான். டேப்பை இழுத்துத் தெருவின் அகலத்தை அளந்தான். கம்பு நடவேண்டிய இடங்களில் சாக்பீசால் பெருக்கல் குறி போட்டான். ஒரு குறி, சன்னலுக்கு நேர் எதிரே விழுந்தது. தங்கச்சாமி தலையணையில் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இசக்கி."

"சொல்லுங்க பெரியப்பா."

"அந்த மூலைல சாக்கடக் கல்லு ஆடும். கம்ப அதுல ஊனிராத. பந்தல் சாஞ்சிரும்."

இசக்கிமுத்து டேப்பைச் சுருட்டினான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தக் குறியைச் செருப்புக்காலால் அழித்தான்.

முனீஸ்வரி சிபியுவின் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். உள்ளே பஞ்சுபோல் தூசி. ஊதினால் அப்பாவுக்கு ஆகாது என்று ஈரத்துணியால் ஓரங்களைத் துடைத்தாள். இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, பழைய மெமரி செருகியிருந்த காடிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த காடியில் புதியதை வைத்தாள். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். முழுதாக அமுக்கவில்லை. ஒரு பக்கம் இறங்கியது. மறுபக்கம் ஒரு நூல் அளவு மேலே நின்றது. அந்த நூல் அளவில் விரலை எடுத்துக்கொண்டாள்.

சுவிட்சைப் போட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு கூவல் வந்தது. நின்றது. மறுபடி கூவியது.

சங்கரலிங்கம் ஓடி வந்தான். "என்னாச்சு? என்ன இப்படிக் கத்துது?"

"சேரலண்ணே. பழைய போர்டு, ஏத்துக்கிட மாட்டேங்குது."

"அப்பறம் ஏன் அந்தக் கடைக்காரன் சேரும்னு சத்தியம் பண்ணுனான்?"

"கடைக்காரன் எத வேணாலும் சொல்லுவான்."

அந்தக் கூவல் தங்கச்சாமிக்கு எங்கோ பட்டது. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. முனீஸ்வரி சுவிட்சை அணைத்தாள். நேரே கட்டிலுக்குப் போய் அவருடைய முதுகைத் தாங்கி உட்காரவைத்தாள். வெங்கடேஸ்வரி வெந்நீர் கொண்டுவந்தாள். சங்கரலிங்கத்தின் செல்போன் அடித்தது. "தலைவரே" என்றபடி அவன் மறுபடி வாசலுக்குப் போனான். வெங்கடேஸ்வரி தம்ளரைக் கழுவ உள்ளே போனாள்.

தங்கச்சாமி கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒருமுறை இழுத்து இழுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முழுசா அமுக்கு தாயி."

அவள் அவர் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னைக்குப் பழசத் திருப்பிப் போட்டப்ப டக்குனு கேட்டுச்சு. இன்னைக்குக் கேக்கல."

"அது சேரலப்பா."

"சேரும். எம்புட்டு நாள்தான் அதப் போட்டுத் திணற விடுவ? பாவம்."

தெருவில் எங்கோ ஒரு லாரி பின்பக்கமாக வந்து கம்புகளை இறக்கும் சத்தம் கேட்டது. முனீஸ்வரி அப்பாவைத் தலையணையில் சாய்த்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட்ட போர்வையை மறுபடியும் இழுத்துவிட்டாள். பிறகு தரையில் போய் உட்கார்ந்தாள். மெமரியைக் கழற்றி, ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்தாள். புதியதற்கு அது தேவையே இல்லை. ரொம்ப நேரம் தேய்த்தாள். காடியில் வைத்து அமுக்கினாள்.

டக்.

தங்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் சாதாரணமாக எழுந்தது. அவள் பேனரைத் திறந்தாள். காற்றாடி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. மேகமும் மலையும் பின்னால் இருந்த இன்னொரு மேகமும் கோட்டும் சொந்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். திரை வெளுக்கவில்லை.

"பாத்தியா!" என்றான் சங்கரலிங்கம், தானே தயாரித்தவன்போல. "நான் வாங்குனா தப்பாப் போகுமா? என் படத்தக் கொஞ்சம் மேல ஏத்து. இன்னும். அப்பா டை மேல படாம. ஆங். 'கௌரவ'த்தத் தடிச்ச எழுத்துல போடு."

முனீஸ்வரி போட்டாள். மீதமிருந்த படங்களையும் ஒட்டினாள். எதுவும் தடுக்கவில்லை. சின்ன மேகம் ஒன்று மட்டும் அவசியமில்லாமல் நின்றது. அதை அவள் எடுக்கவில்லை.

"பென்டிரைவ்ல போட்டுக் குடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஜெபின் பிரஸ்ல ஒரு பார்வை பாத்துட்டு ஓடியாந்திர்றேன்."

"பார்வைக்கு மட்டுந்தானண்ணே?"

"பொறவு? அடிச்சா வைப்பாக? நீ என்னட்டி பேசுத." அவன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான். கார் கிளம்பிப் போனது.

முன்னறை அமைதியானது. இத்தனை நாள் இரைந்துகொண்டிருந்த காற்றாடி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சுற்றியது. நல்ல அமைதி என்று முனீஸ்வரி நினைத்தாள். பாக்கி இருந்த கல்யாணப் பத்திரிகை இரண்டை முடித்தாள். ஒரு பூப்புனித நீராட்டு விழா மட்டும் மிச்சம் இருந்தது, அதைத் திறந்தாள். உடனே திறந்தது. சிறுமியின் தலைக்குப் பின்னால் மயில் ஒன்றை வைத்தாள். மயில் உடனே வந்தது. மயிலின் தோகையை விரித்தாள். எந்தப் பாரமும் இல்லாமல் விரிந்தது. அவளுக்கு ஏதோ ஒன்று உறைக்க ஆரம்பித்தது. கையை மவுசிலிருந்து எடுத்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. காற்றாடி அடங்கியதால் மட்டும் வரும் அமைதி இத்தனை இருக்காது.

அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் அந்த வேலையைச் சேமித்தாள்.

தங்கச்சாமி சன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். இசக்கிமுத்து குறியை அழித்த இடத்தில் சாக்பீஸ் தூசி இன்னும் கொஞ்சம் இருந்தது.

வெங்கடேஸ்வரியின் குரல் தெருவைக் கூட்டியது. முனீஸ்வரி அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே. அப்பா…"

"ஆச்சா?" என்றான். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். "இங்க அடிச்சு முடிச்சு ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்கான். கரண்டு போனாலும் போயிரும்னு கையோட அடிக்கச் சொல்லிட்டேன். இந்தா வந்துட்டேன். ஐஸ்பெட்டிக்காரனுக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் குடு."

போனை வைத்த பிறகுதான் அவன் அழ ஆரம்பித்திருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கும்போது முழுதாக அழுதுகொண்டிருந்தான். காரின் மேல் இருபதடிப் பேனர் சுருட்டிக் கட்டப்பட்டு, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. எல்லாம்தான் தயாராக இருந்ததே. பந்தல் நின்றது. நாற்காலிகள் விரிந்தன. கீறல் இல்லாத கண்ணாடிப் பெட்டி வந்தது. தேவதானத்துச் சொந்தங்கள் வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தெருமுனையில் பேனர் ஏறியதும் எல்லாரும் முதலில் அங்கேதான் போனார்கள். பெட்டியிடம் பிறகுதான் வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தனக்குப் பக்கத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஒருவர் முகம் சுளித்து, ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பேரவைப் பொருளாளர் வந்தார். பேனரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "இருவதா?" என்று கேட்டார். "இருவது" என்றான் சங்கரலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த ஒரு கணம் அவன் முகத்தில் துக்கம் சற்று விலகி நின்றது.

முனீஸ்வரி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலர் பட்டனை யாரோ இறுக்கமாகப் போட்டிருந்தார்கள். பெட்டி மூடுவதற்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இசக்கிமுத்து குனிந்து அவள் காதருகில் சொன்னான்.

"யக்கா. பேனர்ல தேதி போடலியே. எல்லாம் சைபரா இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். அதற்குள் சங்கரலிங்கத்துக்குக் கேட்டுவிட்டது. அவன் பந்தலைவிட்டு வெளியே போய் நின்று பேனரைப் பார்த்தான். பிரஸ்ஸில் அவன் பார்த்த பார்வை முழுவதும் தன் படத்தின் மேலேயே இருந்தது என்பது இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. திரும்பி வந்து பல்லைக் கடித்தான்.

"ஏட்டி, மறைவுக்கு நேரா சைபர் போட்டு வச்சிருக்க?"

"பார்வைக்குன்னு சொன்னியேண்ணே."

"இத்தன பேரு பாத்துட்டுப் போறான். பொருளாளர் வேற பாத்துட்டான்."

"ஒருத்தரும் பாக்கலண்ணே. அவியவிய படத்தத்தான் பாத்தாக."

அது உண்மை என்பதால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. "தூக்குறதுக்குள்ள ஒரு தாள்ல அடிச்சு ஒட்டிட்டு வா. போ. பொம்பளயாள் போனா யாரும் என்னன்னு கேக்க மாட்டாக."

அவள் உள்ளே போனாள். கட்டிலை வெளியே எடுத்துவிட்டிருந்ததால் முன்னறை பெரிதாக இருந்தது. யாரோ திரையின் மேல் போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள், அப்பாவின் போர்வை. அதை விலக்கினாள். பேனரைத் திறந்தாள். சைபர்களின் மேல் சுட்டியை வைத்தாள். இத்தனை நாளாக அவள் தொடாத இடம். இன்றைய தேதியை அடித்தாள். எங்காவது நிற்கும், திரை வெளுக்கும், காற்றாடி ஊளையிடும் என்று விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிற்கவில்லை. அடித்ததும் வந்துவிட்டது. அச்சடித்த தாளைக் கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, பசை டியூபை எடுத்துக்கொண்டு போனாள்.

தெருமுனையில் யாரும் இல்லை. எல்லாரும் கடைசிக் காரியத்துக்குப் பந்தலுக்குள் போயிருந்தார்கள். இசக்கிமுத்து ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனான். அவள் ஏறி நின்றாள். கோட்டின் கடைசிப் பொத்தான் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதற்குக் கீழே சைபர்கள், ஒவ்வொன்றும் கை அகலம். கையில் இருந்த தாள் முதல் சைபரை மூடுவதற்கே காணாது. கொண்டுவரும்போதே அவளுக்கு அது தெரியும்.

பசை டியூபின் மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கினாள்.

"ஒட்டிட்டியா?" என்று கேட்டான் சங்கரலிங்கம், தோளில் துண்டைச் சரிசெய்தபடி.

"ம்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பொருளாளர் அவனுக்கு முன்னால் நடக்க முயன்றுகொண்டிருந்தார், அதைத்தான் பார்த்தான்.

தங்கச்சாமியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வெங்கடேஸ்வரி ஒரு குடம் தண்ணீரை முன்னறையில் கவிழ்த்தபோது, அது தரையில் கிடந்த சிபியுவை நோக்கி ஓடியது. முனீஸ்வரி பாய்ந்து அதைத் தூக்கி மேசையில் வைத்தாள். பக்கக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. உள்ளே பழைய மெமரியும் புதியதும் அடுத்தடுத்து நின்றன. உள்ளங்கையில் மடங்கி ஈரமாகியிருந்த தாளை அவற்றுக்குக் கீழே போட்டாள். கதவைச் சாத்தினாள். மாத்திரை டப்பா மூடியிலிருந்து திருகாணிகளை எடுத்து ஒவ்வொன்றாக முடுக்கினாள்.

"கால வழுக்கும் முனீசு, தள்ளி நில்லு" என்றாள் வெங்கடேஸ்வரி.

முனீஸ்வரி வாசலுக்கு வந்தாள். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். சஞ்சீவி மலைப் பக்கமிருந்து சாயங்காலக் காற்று தெருவுக்குள் புகுந்தது. தெருமுனையில், காற்று விழுந்து எழுந்த ஒவ்வொரு தடவையும், கோட்டின் நெஞ்சு மெதுவாகப் புடைத்தது, தணிந்தது, மறுபடி புடைத்தது.